எத்தனை ஹெச்.பி. என்பது கடைசிக் கேள்வி

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் புது டிராக்டர் வந்து நின்றால், சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "எத்தனை ஹெச்.பி.?" 50 என்றால் தலையை ஆட்டிக்கொள்வார்கள். 55 என்றால் வண்டியை ஒருமுறை சுற்றி வருவார்கள். 40 என்று சொன்னால், "எடுக்கிறதுதான் எடுத்தே, இன்னும் கொஞ்சம் போட்டுப் பெருசா எடுத்திருக்கலாமேப்பா" என்று உண்மையாகவே வருத்தப்படுவார்கள். அந்த வருத்தத்துக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரிய வண்டி திணறாது, திணறாத வண்டி பழுதாகாது, ஆகவே வேலை மிகுந்த பண்ணைக்குப் பெரிய வண்டிதான் நம்பகமானது என்ற நம்பிக்கை. அதோடு இன்னும் இரண்டு ஒட்டிக்கொண்டு வருகின்றன. புதிய மின்னணு எஞ்சின் பழையதைவிட நன்றாக உழைக்கும் என்பது ஒன்று. முன்னால் ஒரு லோடரையும் மாட்டிவிட்டால் உழவு, எரு, மண் எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி போதும், ஜேசிபிக்குக் கொடுக்கும் வாடகை மிச்சம் என்பது இன்னொன்று.

இந்த மூன்றையும் நான் நம்பினேன். நம்பிக் கடன் வாங்கினேன். இப்போது மூன்றும் தவறு என்று உறுதியாக எழுதுகிறேன்.

முதலில் வேலை மிகுந்த பண்ணை என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். டெல்டாவில் இரண்டு வேலி நிலமும், ஊராருக்குக் கூலி உழவு ஓட்டும் பழக்கமும் உள்ள ஒருவருக்கு, ஆண்டு முழுவதும் வேலை ஒரே சீராக இருப்பதில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், தண்ணீர் கிளை வாய்க்கால் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் சேற்றுழவு வேண்டும். குறுவை அறுத்துத் தாளடிக்குத் திருப்பும்போது இன்னும் நெருக்கடி. பின்னால் வடகிழக்குப் பருவமழை நிற்கும், நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும், நடவு ஆட்களுக்கு நாள் குறித்துச் சொல்லியாகிவிட்டிருக்கும். ஆண்டின் மற்ற நாட்களில் டிராக்டர் நான்கு நாள் நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அந்த நாற்பது ஐம்பது நாளில் ஒரு நாள் நின்றாலும் விளைச்சலில் தெரியும். அப்படியானால் நம்பகம் என்பதை அளக்க வேண்டிய கோல் எது? பத்து ஆண்டில் எத்தனை முறை பழுதானது என்பதைக் காட்டிலும், பருவத்தில் பழுதான அன்று எத்தனை மணி நேரத்தில் திரும்ப வயலுக்குள் இறங்கியது என்பதைத்தான் நான் கேட்பேன். பழுதாகாத இயந்திரம் கிடையாது. சேற்றில் நாள் முழுக்க ஓடும் இயந்திரத்தில் சீல் போகும், பேரிங் போகும், கிளட்ச் பிளேட் தேயும், ஹைட்ராலிக் ஹோஸ் வெடிக்கும்.

நான் வாங்கிய 55 ஹெச்.பி. நான்கு சக்கர இழுவை வண்டி ஒரு தாளடிப் பருவத்தில் காலை ஏழு மணிக்குச் சக்தி இழந்தது. எஞ்சின் ஓடியது, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. முப்பது ஆண்டாக எங்கள் ஊர் வண்டிகளை எல்லாம் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் வந்து பார்த்தார். காது வைத்துக் கேட்டார், டீசல் ஃபில்டரைக் கழற்றி மாட்டினார், கையை விரித்தார். "இதுல எனக்கு வேலை இல்லைங்க, லேப்டாப் கொண்டாரச் சொல்லுங்க" என்றார். லேப்டாப் நான்காம் நாள் வந்தது. எரிபொருள் அழுத்தத்தைப் படிக்கும் சென்சார் போய்விட்டது என்று அது சொன்னது. கையில் இருப்பு இல்லை, வேறு மாநிலத்துக் கிடங்கிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மேலும் ஏழு நாள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகத்துக்காகப் பதினொரு நாள் அந்த வண்டி வரப்போரம் நின்றது. 25 நாளில் பறித்து நட வேண்டிய நாற்று 36 நாள் ஆயிற்று. வயது முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். அந்த ஆண்டு என் வயலில் தூர் கட்டவில்லை. அந்தப் பதினொரு நாளும் அடுத்த தெருக்காரரின் பழைய 35 ஹெச்.பி. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. என் வயலில் பாதியை உழுததும் அதுதான்.

"அது உன் கெட்ட நேரம்" என்று சிலர் சொன்னார்கள். அதனால்தான் கணக்குக்கு வருகிறேன்.

ஹெச்.பி. என்று விளம்பரத்தில் போடுவது எஞ்சினின் திறன். அது அப்படியே கலப்பைக்கு வந்து சேர்வதில்லை. கியர்களில் கழிந்து, கருவிகளைச் சுழற்றும் பின்புறப் பிடிஓ தண்டில் பெரும்பாலும் 85 முதல் 90 சதவீதம் மிஞ்சும். டிஃபரன்ஷியல், டயர் வழியாகப் போகும் இழுவையில் இன்னும் குறையும், சேற்றில் அதைவிடக் குறையும். இழுவைக்கு எவ்வளவு தேவை என்பதை யாரும் வீட்டில் உட்கார்ந்தே போடலாம். இழுவிசையைக் கிலோவிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி 270-ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் கிடைக்கும். ஒரு ஒன்பது கொத்துக் கலப்பை 700 கிலோ இழுவை கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டரில் ஓட்டினால் 700-ஐ 5-ஆல் பெருக்கி 270-ஆல் வகுக்க, 13 வருகிறது. வழுக்கலுக்கும் கழிவுக்கும் தாராளமாக விட்டாலும் எஞ்சினில் 20, 25 போதும். மிச்ச 30 ஹெச்.பி. என்ன செய்கிறது? டீசலைக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. அரைச் சுமையில் ஓடும் பெரிய எஞ்சின், முக்கால் சுமையில் ஓடும் சிறிய எஞ்சினைவிட அதே வேலைக்குக் கூடுதல் எரிபொருள் எடுக்கும். டீசல் எஞ்சினின் இயல்பு அது.

அந்த 700 கிலோவை இழுக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது எஞ்சினும் அல்ல. பின் அச்சின் மேல் உள்ள எடையும் டயருக்கும் மண்ணுக்கும் உள்ள பிடியும்தான். திறன் கூடினால் வேகம் கூட்டலாம், பிடி இல்லாத இடத்தில் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுழலவிடலாம், அவ்வளவுதான். 1926-லேயே பிரிட்டனில் காப்புரிமை பெற்ற ஹாரி பெர்குசனின் ஏற்பாடு இதைத்தான் புரிந்துகொண்டிருந்தது. மூன்று புள்ளி இணைப்பில் கலப்பையை மாட்டி, மண்ணின் எதிர்ப்பையே பின் சக்கரத்தின் மேல் எடையாகத் திருப்பிவிட்டார். அதனால் எடை குறைந்த வண்டி, எடை மிகுந்த வண்டியின் வேலையைச் செய்தது. இன்று உலகத்தில் உள்ள ஏறக்குறைய எல்லா டிராக்டரின் பின்புறத்திலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே எடையையும் திறனையும் குவிக்கிறோம்.

நெல் வயலில் எடை நமக்குப் பகை. ஆண்டாண்டு காலமாகச் சேறடித்த வயலில் அரை முழம் ஆழத்துக்குள் ஒரு கெட்டித் தட்டு உருவாகியிருக்கும். தண்ணீரைத் தாங்குவதும் அதுதான், டிராக்டரைத் தாங்குவதும் அதுதான். கனமான வண்டி ஓரிடத்தில் அந்தத் தட்டை உடைத்துவிட்டால் அந்த இடம் ஆண்டுதோறும் புதைகுழி. அடுத்த முறை வேறு வண்டி வந்தாலும் அங்கேதான் மாட்டும். என் வயலின் வடமேற்கு மூலையில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அச்சு வரை புதைந்த என் வண்டியை மீட்க ஜேசிபி வந்த தடம் அது. அந்த மூலையில் இப்போது நடவு ஆட்கள் இடுப்பளவு இறங்குகிறார்கள்.

எங்கே பெரிய திறன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் பெரிய வண்டிகளுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். கரிசலில் கோடை உழவாகச் சட்டிக் கலப்பையை ஆழமாக இறக்குபவருக்கு வேண்டும். 7 அடி ரோட்டவேட்டர் ஓட்டுபவருக்கு வேண்டும், ஏனென்றால் ரோட்டவேட்டர் இழுவையைக் கேட்பதில்லை, பிடிஓ திறனைத்தான் கேட்கிறது. வைக்கோல் கட்டும் பேலர், டன் கணக்கில் கரும்பு ஏற்றிய டிரெய்லர் என்று நாள்தோறும் ஓட்டுபவருக்கும் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டின் சராசரி நிலவுடைமை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. கூலி உழவுக்குப் போகிறவர் நாள் முழுக்கத் திரும்புவது இந்தச் சின்ன வயல்களில்தான். அரை ஏக்கர் கட்டத்தில் மூலை மூலையாகத் திரும்பும்போது வேலையின் வேகத்தை நிர்ணயிப்பது திரும்பும் வட்டம், ஹைட்ராலிக் தூக்கும் வேகம், ஓட்டுநரின் கை. 55 ஹெச்.பி. அங்கே நுழைவதற்கே வரப்பைக் கரைக்க வேண்டியிருக்கும்.

இனி மின்னணு. 2023 ஜனவரி முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம் நான்காம் கட்டப் புகை விதி நடைமுறைக்கு வந்தது. சரியாகச் சொன்னால் எல்லைக்கோடு 37 கிலோவாட். அந்தக் கோட்டுக்கு மேலே போனால் காமன் ரெயில் எரிபொருள் முறை, கட்டுப்பாட்டுக் கணினி, சென்சார்கள், புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பு எல்லாம் வருகின்றன. கீழே பழைய இயந்திரப் பம்பு தொடர்ந்தது. 49 ஹெச்.பி. என்று எழுதிய வண்டிகள் கடைகளில் இவ்வளவு நிற்பதற்கு அந்தக் கோடுதான் காரணம். புகை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, நாள் முழுக்க அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் ஓட்டுநர்கள். என் வாதம் வேறு. 5 ஹெச்.பி. அதிகம் என்று நினைத்து அந்தக் கோட்டைத் தாண்டும் விவசாயி, தன் ஊர் மெக்கானிக்கின் கைக்கு எட்டாத ஒரு வண்டியை வாங்குகிறார் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. லேப்டாப்போடு வரும் பொறியாளர் எத்தனை மணி நேரத்தில் வருவார், சென்சார் எந்த ஊரில் இருப்பில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கினால் அது தவறே இல்லை. கேட்காமல் வாங்குவதைத்தான் தவறு என்கிறேன்.

இந்தக் கவலை நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. மென்பொருளைப் பூட்டி வைத்து, பழுதுபார்க்கும் கருவியை விற்பனையாளரிடம் மட்டும் கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்து அமெரிக்க விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். வேளாண் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையைக் கொலராடோ மாநிலம் 2023-இல் சட்டமாக்கியது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவர்களே தங்கள் வண்டியைத் தாங்களே திறக்க முடியவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். அறுவடை நாளில் காத்திருக்க முடியாது என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

நூறு ஆண்டுக்கு முன்னால் அதே நாட்டில் நடந்த இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் போல்க் கவுண்டியைச் சேர்ந்த வில்மட் க்ரோஸியர் என்ற விவசாயி ஃபோர்டு என்ற பெயர் போட்ட ஒரு டிராக்டரை வாங்கினார். மினியாபோலிஸ் நகரத்துக் கம்பெனி ஒன்று செய்தது, ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சொன்ன திறனும் இல்லை, உழைப்பும் இல்லை. அடுத்து வாங்கியதும் ஏமாற்றியது. மூன்றாவதாக வாங்கிய ரம்லி ஆயில்புல் நன்றாக உழைத்தபோது, நல்ல வண்டியும் செய்ய முடியும், பொய்யும் விற்க முடியும் என்று அவருக்குப் புரிந்தது. சட்டமன்ற உறுப்பினராகி 1919-இல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். நெப்ராஸ்காவில் விற்கும் ஒவ்வொரு மாடல் டிராக்டரையும் மாநிலப் பல்கலைக்கழகம் சோதிக்க வேண்டும், விளம்பரத்தில் சொன்ன திறன் உண்மையா என்று பார்க்க வேண்டும். 1920-இல் வாட்டர்லூ பாய் என்ற வண்டியோடு லிங்கன் நகரில் சோதனை தொடங்கியது. அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. விற்பவர் மாநிலத்துக்குள்ளேயே போதிய உதிரிப் பாகங்களை இருப்பு வைத்து ஒரு சர்வீஸ் நிலையம் நடத்த வேண்டும். இரண்டு முறை ஏமாந்த ஒரு விவசாயி, திறனை அளப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் உதிரிப் பாகத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். நம்பகம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடமும் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும், தெற்கே ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்துக் கார்லதின்னேயிலும் மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையங்கள் நடக்கின்றன. அவற்றின் வணிகச் சோதனை அறிக்கைகளை விவசாயி படிக்கலாம். எங்கள் மாவட்டத்தில் ஒரு டிராக்டர் வாங்குவதற்கு முன் அதைப் படித்தவரை நான் பார்த்ததில்லை, நானும் முதல் வண்டிக்குப் படிக்கவில்லை. இரண்டாவது வாங்கும்போதுதான் உட்கார்ந்து படித்தேன். பிடிஓ-வில் உண்மையில் எவ்வளவு திறன் கிடைத்தது, ஒரு மணிக்கு எவ்வளவு டீசல் எடுத்தது, வெப்பம் கூடிய சூழலில் திறன் எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். எனக்கு மிகவும் உதவியது வேறொரு பகுதி. சேற்று நிலத்தில் ஓட்டிய பிறகு வண்டியைப் பிரித்து, கிளட்ச் அறைக்குள், பிரேக் அறைக்குள், முன் சக்கர ஹப்புக்குள் சேறோ தண்ணீரோ புகுந்ததா என்று ஒவ்வொன்றாக எழுதியிருப்பார்கள். டெல்டாவில் வண்டியை வாழவைப்பதும் சாகவைப்பதும் இந்த ஒரு விஷயம். முன் ஹப்பில் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் பால் போலாகிவிடும், பேரிங் ஒரு பருவம்கூடத் தாங்காது. விற்பனையாளரின் பிரசுரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. அறிக்கையில் இருக்கும்.

லோடருக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

மாடு அதிகம் வைத்திருப்பவருக்கும், எரு ஏற்றி இறக்குபவருக்கும் லோடர் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. மண்வெட்டியும் கூடையுமாக இடுப்பு ஒடிந்த தலைமுறையைப் பார்த்தவன் நான், அந்த வேலைக்குத் திரும்பிப் போக யாரையும் சொல்ல மாட்டேன். உழவு வண்டியின் முன்னாலேயே அதை மாட்டுவது சிக்கனம் என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். இரண்டு டன் எடையுள்ள இரு சக்கர இழுவை வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன் அச்சில் ஏறக்குறைய 750 கிலோ நிற்கும், பின் அச்சில் 1,250. சக்கரங்களுக்கிடையே 2 மீட்டர் என்றும், பக்கெட் முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் நீண்டிருக்கிறது என்றும் வைத்து, அதில் 500 கிலோ எரு அள்ளினால் என்ன ஆகும்? முன் அச்சின் மேல் 800 கிலோ கூடும், பின் அச்சிலிருந்து 300 கிலோ கழியும். லோடரின் இரும்புச் சட்டம் ஒரு 400 கிலோ என்றால் அதுவும் பெரும்பாலும் முன் அச்சின் தலையில்தான். 750 தாங்கிக்கொண்டிருந்த அச்சு 1,950 தாங்குகிறது. அதே நேரத்தில் பிடி வேண்டிய பின் சக்கரம் லேசாகி வழுக்குகிறது. கிங் பின், புஷ், முன் ஹப் பேரிங், ஸ்டீயரிங் எல்லாம் வரிசையாகப் போகும். போவது மாட்டுத் தொழுவத்தில், கண்ணில் படுவது உழவுப் பருவத்தில். பின் இணைப்பில், அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 500 கிலோ எடை கட்டினால் முன் அச்சிலிருந்து 250 கிலோ குறையும். லோடர் மாட்டிய எத்தனை வண்டியின் பின்னால் அந்த எடையைப் பார்க்கிறோம்?

கிளட்சையும் பாருங்கள். முன்னால் போய் அள்ளி, நிறுத்தி, பின்னால் வந்து, நிறுத்தி, திரும்பிக் கொட்டும் ஒரு சுற்றுக்கு நான்கு முறையாவது கிளட்சை மிதிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 240 மிதி. உழவில் அத்தனை மிதிக்குப் பல நாள் ஆகும். ஜேசிபி என்று நாம் பொதுப்பெயராகவே அழைக்கும் வண்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது, முன்னும் பின்னும் போவதற்குத் தேய்கிற கிளட்ச் பிளேட்டை நம்பி அது இல்லை. அந்த வேலைக்கென்றே பிறந்த வண்டி அது. உழவு டிராக்டர் அந்த வேலையைச் செய்யும், செய்வதற்கு விலையாக உழவைக் கேட்கும்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. பக்கெட்டை உயர்த்திக்கொண்டு வரப்பில் ஏறினால் கனத்தின் மையம் மேலே போய்விடும், பக்கவாட்டில் கவிழ ஒரு பள்ளம் போதும். ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம் கட்டாயம் என்றது, அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. நம் வண்டிகள் பலவற்றில் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு துணிக்கூரை மட்டும் இருக்கிறது. 5 ஹெச்.பி.க்குக் கொடுக்கும் பணத்தை அந்த இரும்புச் சட்டத்துக்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். ஓட்டுவது நம் பிள்ளைகள்.

லோடர் தினமும் வேண்டுமென்றால், உழைத்துத் தேய்ந்த ஒரு பழைய 35 ஹெச்.பி. வண்டியை அதற்கென்று ஒதுக்கி, பின்னால் எடை கட்டி, அதிலேயே மாட்டிவிடுவது நல்லது. ஆண்டுக்கு நாலைந்து நாள் மட்டும் மண் வேலை என்றால் மணி வாடகைக்கு ஜேசிபி வரட்டும். அந்த வாடகை ஒரு முன் அச்சின் விலையைத் தொட ஆண்டுகள் ஆகும்.

"பெரிய வண்டிக்குத்தானே மறுவிற்பனையில் விலை கிடைக்கும்?" என்று கேட்பார்கள். பழைய வண்டி வாங்க வருபவர் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது, இதற்கு மன்னார்குடியில் ஸ்பேர் கிடைக்குமா, தஞ்சாவூர் போகணுமா என்றுதான். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபேயின் மாசி வண்டிகளும், சிம்சன் எஞ்சின்களும் இங்கே விலை போவதற்குக் காரணம் சிறு ஊர்க் கடையிலும் அவற்றின் பிஸ்டனும் லைனரும் தொங்குவது. வேறு வட்டாரத்தில் வேறு கம்பெனிக்கு அதே நிலை இருக்கும். எந்தக் கம்பெனி என்பதை உங்கள் ஊர்க் கடையின் அலமாரி சொல்லும். ஷோரூமுக்குப் போவதற்கு முன் அந்தக் கடைக்குப் போய் கிளட்ச் பிளேட், முன் ஹப் பேரிங், ஹைட்ராலிக் பம்பு சீல் கிட் மூன்றும் இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். கைக்கு எடுத்து வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மானியத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மானியப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக வேண்டாத வண்டியை வாங்கினால் மானியம் போக மிச்சக் கடன் நம்முடையதுதான்.

பழைய நான்கு சக்கர இழுவை வண்டி வாங்குபவர்களுக்கு ஒன்று. அதில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாக உருளும்படி கியர் வைத்திருப்பார்கள். முன் டயரை மட்டும் வேறு அளவில் மாற்றியிருந்தாலோ, ஒரு ஜோடி மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தாலோ அந்தக் கணக்குக் கெட்டு, கெட்டித் தரையில் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். சேற்றுக்குப் போகும் வண்டியென்றால் முன் அச்சு முழுக்க மூடிய பெவல் கியர் வகையா என்று குனிந்து பாருங்கள். பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாமல் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். அதில் எண்ணெய் களியாகக் கிடந்தால், அந்த எஞ்சின் வைக்கோல் தூசியையும் புழுதியையும் ஆண்டுக்கணக்கில் விழுங்கியிருக்கிறது. எஞ்சினைத் தின்பது வேலையைவிடத் தூசிதான்.

55 ஹெச்.பி. வண்டியை விற்றேன். அந்தப் பணத்தில் ஒரு 42 ஹெச்.பி. இரு சக்கர இழுவை வண்டியும், எருவுக்கும் தொழுவத்துக்கும் என்று லோடர் மாட்டிய ஒரு பழைய 35-ம் வாங்கினேன். பெரியது நின்றால் சின்னது லோடரை இறக்கி வைத்துவிட்டுச் சேற்றுக்கான கேஜ் வீலோடு வயலுக்குப் போகும். உறவினர்கள் வருத்தப்பட்டார்கள், தம்பி இறங்கிப் போய்விட்டான் என்றார்கள்.

போன தாளடியில் 42-இன் முன் ஹப்பில் காலை ஒன்பதரைக்குச் சத்தம் கேட்டது. ஓட்டுநர் வரப்பில் ஏற்றி நிறுத்தி ஜாக்கி போட்டார். பையன் பைக்கில் கடைக்குப் போய் பேரிங்கும் ஆயில் சீலும் வாங்கிவந்தான். அதே பழைய மெக்கானிக் மரத்தடியில் உட்கார்ந்து பூட்டினார், இடையில் சாப்பிட்டார். இரண்டு மணிக்குச் சக்கரம் ஏறியது. மிச்சம் இருந்த நான்கு மா நிலத்தையும் ஓட்டிப் பரம்படித்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. மறுநாள் காலை நாற்றுக் கட்டுகளோடு நடவுப் பெண்கள் வந்தபோது வயல் தெளிந்து கிடந்தது.